விண்டோஸ் 11-க்கு மாறியபின் சம்பள மேக்ரோ ஓடவில்லை: புதிய மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறோம். நாற்பது பேரின் ஷிப்ட், பீஸ் ரேட் கணக்கைப் போட்டு வாரச் சம்பளப் பட்டியல் எடுக்க, 2011-இல் உறவினர் ஒருவர் எழுதித் தந்த எக்ஸெல் மேக்ரோவைத்தான் (எக்ஸெல் கோப்புக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) இன்றுவரை பயன்படுத்துகிறோம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் சர்வீஸ் செய்பவரை அழைத்து விண்டோஸ் 11 போட்டோம். ஆஃபீஸ் 2010-ஐ நீக்கிவிட்டுப் புதிய ஆஃபீசும் போட்டார். கோப்பை மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்திருந்து பிறகு பதிவிறக்கித் தந்தார். திறந்ததும் சிவப்புப் பட்டை வந்தது, பொத்தான் வேலை செய்யவில்லை. அவர் ஏதோ அமைப்பை மாற்றியபின் 'கேன்ட் ஃபைண்ட் ப்ராஜெக்ட் ஆர் லைப்ரரி' என்று வருகிறது. மேக்ரோ காலாவதியாகிவிட்டது, புதிய மென்பொருள் வாங்குங்கள் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்கள் மேக்ரோவில் ஓர் எழுத்தும் கெடவில்லை. எதையும் தொடுவதற்கு முன் அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்.

சிவப்புப் பட்டை வந்ததற்குக் காரணம் விண்டோஸ் 11 அல்ல. மின்னஞ்சலிலிருந்தோ இணையத்திலிருந்தோ இறங்கும் கோப்பின் மீது விண்டோஸ் 'இது வெளியிலிருந்து வந்தது' என்று ஓர் அடையாளத்தை இட்டுவைக்கிறது. புதிய ஆஃபீஸ் அந்த அடையாளத்தைக் கண்டதும் மேக்ரோவை ஓட விடாமல் நிறுத்திவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் இதை 2022 பிப்ரவரியில் அறிவித்து, ஜூலையில் பின்வாங்கி, அதே மாதத்தில் மீண்டும் கொண்டுவந்தது. மேக்ரோ வழியாகப் பரவிய வைரஸ்களை நினைத்தால் தடை நியாயமானதே. ஆனால் முன்பு மஞ்சள் பட்டையில் இருந்த 'எனேபிள்' பொத்தானை எடுத்துவிட்டு, வழி இன்னதென்று அந்தப் பட்டையிலேயே ஒரு வரி எழுதாமல், 'லேர்ன் மோர்' என்று ஆங்கிலப் பக்கத்துக்கு அனுப்பிவைப்பதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். கணக்குப்பிள்ளை அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது சனிக்கிழமைச் சம்பளம் காத்திருக்காது.

வழி எளியது. எக்ஸெலை மூடிவிட்டு, கோப்பின் மேல் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ஜெனரல் பகுதியின் அடியில் உள்ள 'அன்பிளாக்' கட்டத்தில் டிக் செய்து ஓகே கொடுங்கள். கோப்பு உங்களுடையது, எழுதியவரும் தெரிந்தவர் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கோப்புக்கு இதைச் செய்யாதீர்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதே கணினியில் வரிக் கணக்கும் பார்ப்பீர்கள். வருமான வரித் தளத்திலிருந்து எக்ஸெல் வடிவப் படிவத்தை ஜிப் கோப்பாக இறக்கி, அதைப் பிரித்தால், ஜிப்பில் உள்ள அடையாளம் உள்ளேயுள்ள கோப்புக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பிரிப்பதற்கு முன்பே ஜிப் கோப்பை அன்பிளாக் செய்யுங்கள். பிறகு பிரித்தால் உள்ளிருப்பது சுத்தமாக வரும். முன்பே பிரித்திருந்தால் பிரித்த கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி பிரியுங்கள், அல்லது உள்ளேயுள்ள எக்ஸெல் கோப்பைத் தனியே அன்பிளாக் செய்யுங்கள். கோப்பு துறையின் தளத்திலிருந்து நீங்களே இறக்கியதாக இருக்க வேண்டும். 'லிங்க்' அனுப்பியவரை நம்பி இறக்கியதாக இருக்கக் கூடாது. ஒரு துறை மேக்ரோ உள்ள படிவத்தைக் கொடுக்கிறது, மென்பொருள் நிறுவனம் அதைத் தடுக்கிறது, இரண்டுக்கும் நடுவில் அபராதத் தேதி மட்டும் நகராமல் நிற்கிறது.

அவர் 'ஏதோ அமைப்பை மாற்றினார்' என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. எக்ஸெலில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ட்ரஸ்ட் சென்டர், ட்ரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், மேக்ரோ செட்டிங்ஸ் என்று போய்ப் பாருங்கள். எல்லா மேக்ரோக்களையும் ஓட விடும் கடைசி விருப்பம் தேர்வாகியிருந்தால், அறிவிப்புடன் தடுக்கும் விருப்பத்துக்கு உடனே மாற்றுங்கள். அதே ட்ரஸ்ட் சென்டரில், சோதிக்காமல் நம்ப வேண்டிய கோப்புறைகளின் பட்டியலான ட்ரஸ்டட் லொகேஷன்ஸில் டவுன்லோட்ஸ் கோப்புறை சேர்க்கப்பட்டிருந்தால் நீக்குங்கள். புதிய ஆஃபீசுக்கு ரசீது தந்தாரா என்றும் கேளுங்கள். சில நூறு ரூபாய்க்கு 'வாழ்நாள் ஆஃபீஸ்' போட்டுத் தருபவர்களில் பலர், உரிமம் வாங்காமலே ஆஃபீசை இயக்க ஆக்டிவேட்டர் என்ற பெயரில் ஒரு நிரலை ஓட்டி, அது ஓடுவதற்காக விண்டோஸின் வைரஸ் பாதுகாப்பையே அணைத்துவிட்டுப் போகிறார்கள். பாதுகாப்பு அணைந்து, எல்லா மேக்ரோவும் திறந்து கிடக்கும் கணினியில்தான் நாற்பது பேரின் வங்கிக் கணக்கு எண்கள் இருக்கின்றன. அதற்குமேல் மேக்ரோவைக் குறைசொல்லி ஒரு மென்பொருளையும் விற்பது நேர்மையான தொழில் ஆகாது.

இனி அந்த 'லைப்ரரி' பிழை, அதாவது மேக்ரோ தேடும் துணைக் கோப்பு ஒன்று கிடைக்கவில்லை என்பது. எக்ஸெலில் ஆல்ட் விசையுடன் எஃப்11 அழுத்தி, டூல்ஸ் பட்டியலில் ரெஃபரன்சஸைத் திறங்கள். அது மங்கலாக இருந்தால் ரன் பட்டியலில் ரீசெட் கொடுத்துவிட்டுத் திறங்கள். 'மிஸ்ஸிங்' என்று தொடங்கும் வரிதான் குற்றவாளி. ஒரு துணைக் கோப்பு இல்லாவிட்டால்கூட, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஃபார்மேட், லெஃப்ட் போன்ற அடிப்படைச் சொற்களில் பிழை காட்டுவது இதன் வழக்கம். அதனால்தான் பலர் நிரல் முழுதும் கெட்டதாக நினைத்துவிடுகிறார்கள். 2011 காலத்து மேக்ரோக்களில் இப்படிக் காணாமல் போவது பெரும்பாலும் தேதியைத் தேர்ந்தெடுக்கும் நாட்காட்டிக் கருவி. ஆஃபீஸ் 32 பிட், 64 பிட் என இரு வகைகளில் வருகிறது; அந்தக் கருவி 32 பிட் ஆஃபீசுக்கு மட்டுமே உண்டு. இப்போது ஆஃபீஸ் தானாக 64 பிட்டாகவே நிறுவப்படுகிறது. உங்களுடையது எது என்பதை ஃபைல், அக்கவுண்ட், அபௌட் எக்ஸெலில் முதல் வரியில் காணலாம். 64 பிட்டில் அந்தக் கருவியை ஏற்றித் தருகிறேன் என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு பதிப்பே வெளிவரவில்லை. விண்டோஸ் 11-இல் 64 பிட் ஆஃபீஸ்தான் ஓடும் என்பதும் பொய். 32 பிட் ஆஃபீஸ் தாராளமாக ஓடும். 'டிக்ளேர்' என்று தொடங்கும் வரிகளில் சிவப்பு நிறம் தெரிந்தால், அதுவும் இந்த 64 பிட் மாற்றத்தால் வந்ததே. எழுதித் தந்த உறவினரால் சில நிமிடங்களில் திருத்த முடியும்.

ஆனாலும் நாட்காட்டிக் கருவியை எடுத்துவிட்டு நாள், மாதம், ஆண்டு என மூன்று பெட்டிகள் வைத்து, 'டேட்சீரியல்' என்ற கட்டளையால் தேதியைச் சேர்க்கும்படி உறவினரிடம் கேட்பதையே நான் பரிந்துரைக்கிறேன். அதற்குக் காரணம், பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் சம்பளத்தைத் தவறாகப் போடும் வேறொரு சிக்கல். புதிதாக விண்டோஸ் போடும்போது பகுதி அமைப்பு அமெரிக்காவாக விடப்பட்டால், தட்டச்சிட்ட 03/11/2025 என்பதை மேக்ரோ நவம்பர் 3 என்று எடுக்காமல் மார்ச் 11 என்று எடுக்கும். 17/11/2025 என்று கொடுத்தாலோ, 17-ஆவது மாதம் இல்லாததால் தானே திருப்பிப் போட்டு நவம்பர் 17 என்று சரியாக எடுத்துக்கொள்ளும். எனவே மூன்றாவது வாரத்தில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஒருவருடைய ஒன்றரை ஷிப்ட் வேறு மாதத்தில் போய் விழும்.

இதை அறிய, புதிய எக்ஸெல் தாளின் காலியான கட்டம் ஒன்றில் 25/11/2025 என்று தட்டச்சிடுங்கள். மேக்ரோவைப் போலக் கட்டம் தேதியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளாது; எனவே அது கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதனுள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் சென்று, ரீஜனல் ஃபார்மேட்டை இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றி, எக்ஸெலை மூடித் திறங்கள். முன்பே பதிவான பழைய தேதிகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. புதிய விண்டோஸ் போட்ட நாளுக்குப் பின் பதிவானவற்றை மட்டும், ஒவ்வொன்றாக, வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

எல்லாம் முடிந்தபின், பழைய கணினியில் எடுத்து அச்சிட்ட சம்பளப் பட்டியல்களில் ஒரு மாதத்தின் முதல் வாரத்துக்குரியதை எடுத்து, அந்த வாரத்தின் ஷிப்டுகளையும் தேதிகளையும் கோப்பின் நகல் ஒன்றில் புதிதாகத் தட்டச்சிட்டு மேக்ரோவை ஓட்டுங்கள். நாற்பது பேரின் தொகையும் அச்சிட்ட தாளோடு பைசா பிசகாமல் ஒத்துப்போனால் இந்த வாரச் சம்பளத்தை அதிலேயே போடலாம். ஒருவருடையதாவது மாறினால், அந்தப் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு உறவினரை அழையுங்கள். இந்த ஒரு சனிக்கிழமைக்குக் கையால் கணக்கிட்டுக் கொடுங்கள்.