62 கிலோ கேட்டு, 43 மணி நேரம்

அக்காவுக்கு வணக்கம்,

நான் அம்பாசமுத்திரம் பக்கம். நெல்லையில ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கேன், வீட்டுக்கு வர ராத்திரி ஏழரை ஆயிரும். ஒரு வருஷமா வெல்டிங் மேல கிறுக்கு. யூடியூப் பாத்தும் பக்கத்து பட்டறையில போய் நின்னும் கத்துக்கிட்டேன். 14 இஞ்ச் கட்டிங் மெஷின், 4 இஞ்ச் கிரைண்டர், 200 ஆம்ப்ஸ் வெல்டிங் மெஷின் வாங்கி தொழுவத்துல வச்சிருக்கேன். கிரைண்டர்ல வீல மூடி இருக்குற அந்த தடுப்பு, கார்டு, இடைஞ்சலா இருந்துச்சு, கழட்டிட்டேன். பெரியப்பா மவன் வீட்டுக்கு மொத கேட்டு செஞ்சு குடுத்தேன். 68 கிலோ பைப்பு கிலோ 70 ரூபாய்க்கு எடுத்தேன், வீலு, ராடு, பிரைமர், ஆட்டோ எல்லாம் சேத்து 900. முடிச்சு நிறுத்தா 62 கிலோ, கிலோ 140 போட்டு 8680 வாங்குனேன். 3020 லாபம். நாலு ஞாயித்துக்கிழமை முழுசா, அதுபோக ஒரு பத்து நாள் சாயங்காலம் உக்காந்தேன், நேரம் போனதே தெரியல.

இத பார்ட் டைம் தொழிலா பண்ணலாம்னு இருக்கேன். அடுத்தவங்க இரும்ப கூலிக்கு வெட்டிக் குடுக்குற ஜாப் ஒர்க் மட்டும் எடுக்கவா, இல்ல வெட்டி ஒட்டி பொருளா செய்யுற ஃபேப்ரிகேஷனும் சேத்தா? லோன் போட்டு சிஎன்சி பிளாஸ்மா மெஷின், அதான் கம்ப்யூட்டர்ல போட்ட வடிவத்துக்கு தகடு வெட்டுறது, எடுக்கலாமா? கிலோவுக்கு என்ன ரேட்டு போடலாம்? வீட்டுக்காரி ராத்திரி சத்தம்னு சண்டை போடுதா. மாமனார் 'பி.காம் படிச்சுட்டு இரும்பு அடிக்கப் போறீராக்கும்'னு கேக்காரு. பேரு போடாண்டாம்க்கா.

*

தம்பி,

மொதல்ல அந்த கார்டை எடுத்து மாட்டு. மாட்டிட்டு வந்து மிச்சத்த வாசி. 4 இஞ்ச் கிரைண்டரு நிமிஷத்துக்கு சுமாரா 11000 சுத்து சுத்துது, நீ கணக்குப்பிள்ளைதான, போட்டுப் பாரு, அந்த வீலோட விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல போவுது, நெல்லை எக்ஸ்பிரஸ் கூட அந்த வேகத்துல ஓடாது. ஒடஞ்சா துண்டு எங்க வரும்னு நெனைக்க? நீ குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கியே, அந்த மூஞ்சிக்குத்தான் வரும். இடைஞ்சலா இருந்தா கார்டை லேசா லூஸ் பண்ணி வேணுங்குற பக்கம் திருப்பி இறுக்கலாம்லா, கழட்டுன நேரத்துல அத பண்ணிருக்கலாம். கட்டிங் வீல சாய்ச்சு வச்சு தேய்க்கவும் செய்யாத, அதுக்கு தேய்க்குற வீலு தனி. தொழுவம் மூடி இருக்கும், துத்தநாகம் பூசுன ஜிஐ பைப்ப அதுக்குள்ள வச்சு பத்த வைக்காத, அந்த வெள்ளைப் புகை துத்தநாகம், ராத்திரி காய்ச்சல் கொண்டாந்து போட்டுரும். வீட்டுல பிள்ளை இருக்கோ, வேடிக்கை பாக்க விடுதியோ என்னமோ, எழுதல, விட்டா இன்னையோட நிறுத்து. வெறுங்கண்ணால அந்த வெளிச்சத்த பாத்த பிள்ளைக்கு அப்போ ஒண்ணும் தெரியாது, நடுராத்திரி கண்ணுல மணல அள்ளிப் போட்ட மாதிரி எந்திரிச்சு உக்காந்து அழும், நான் அழுதிருக்கேன், அப்பா பட்டறையில.

ஆமா, எங்கப்பாவுக்கு பேட்டையில கிரில் பட்டறை. இது நான் அதிகமா எழுதுனது இல்ல. போன வாரம் ஒரு பழைய கட்டிலை குடுத்துட்டு வரலாம்னு டவுண்ல பழைய இரும்புக் கடைக்கு போனேன், அங்கன செவத்துல சாத்தி வச்சிருந்த ஒரு கேட்டை பாத்ததும் காலு நவரல. சுருளோட முனைய மீன்வாலு மாதிரி தட்டிப் பிரிச்சு விட்டிருக்கு. அது எங்கப்பா கை. அந்த முனைய உலையில வச்சு சிவக்க விட்டு தட்டும்போது துருத்தி சுத்துனது நான். ஏதோ வீட்ட இடிச்சுட்டு புதுசா கட்டுதாவளாம், கேட்டு எடைக்கு வந்துட்டு. அதுல இருந்து ஒரு வாரமா அதே நெனப்பா இருந்தேன், அப்போதான் உன் கடுதாசி வருது, உள்ள பாத்தா 'கிலோவுக்கு என்ன ரேட்டு போடலாம்'னு கேட்டிருக்க.

அந்த கேட்டு கதைய சொல்லுதேன் கேளு. 1986, நான் எட்டாங்கிளாஸ். பட்டறை நோட்டு நான்தான் எழுதுவேன், எங்கப்பாவுக்கு எழுத்து அவ்வளவா வராது, டேப்போட ஒரு முனைய நான் பிடிக்கணும், அவுக சொல்ல சொல்ல எழுதணும். ஒரு பெரிய வீட்டுக்காரர் ரெட்டைக் கதவு கேட்டு கேட்டாரு, சுமாரா 90 கிலோ வரும்னு பேச்சு, கிலோவுக்கு இவ்வளவுன்னு ரேட்டு, அட்வான்சும் வாங்கியாச்சு. எங்கப்பா மூணு வாரம் அது மேலயே கெடந்தாவ. கேட்டு தொங்காம இருக்கணும்னா எல்லாரும் என்ன பண்ணுவாவ, சட்டத்த கனமா போடுவாவ. கனம் கூடக்கூட கீலு இன்னும் சீக்கிரமா தொங்கும், அது வேற விஷயம். எங்கப்பா சட்டத்த மெலிசா எடுத்துட்டு, கீல் பக்கத்து மேல் மூலையில இருந்து எதிர் பக்கத்து கீழ் மூலைக்கு ஒரு பட்டைய இழுத்துப் பிடிச்சாவ. கதவோட தொங்குற கனத்த எல்லாம் அந்த ஒத்தப் பட்டை இழுத்து வச்சுக்கிடும். பட்டை தெரியாம இருக்க சுருளை எல்லாம் அதோட ஓட்டத்துலயே வச்சு, அழகுக்கு வச்ச மாதிரி ஆக்கிட்டாவ. மொதல்ல அங்கங்க பொட்டு வெல்டிங், அதான் டாக், வச்சுட்டு மூலைக்கு மூலை டேப் பிடிப்போம், ரெண்டு அளவும் ஒண்ணா வந்த பொறவுதான் ஃபுல் வெல்டிங், அதையும் ஒரே பக்கமா ஓட்டமாட்டாவ, ஆறும்போது இரும்பு இழுத்துரும்லா, எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தி வைப்பாவ. பொறவு ஒவ்வொரு ஜாயிண்டையும் அரத்த வச்சு ராவி, விரல வச்சு தடவுனா எங்க சேத்திருக்குன்னு தெரியாத அளவுக்கு.

முடிச்சு, விறகுக்கடை பெரிய தராசுல கொண்டுபோய் நிறுத்தா 74 கிலோ.

அந்த ஆளு 74 கிலோவுக்குத்தான் துட்டு குடுத்தாரு. அது பேச்சுப்படி சரிதான். ஆனா பத்து பேருக்கு முன்னால, '90ன்னு சொன்ன, மிச்ச 16 கிலோ எங்க போச்சு'ன்னு கேட்டாரு. எங்கப்பா ஒண்ணும் சொல்லல. அவுகளுக்கு சொல்லவும் தெரியாது. அந்த 16 கிலோ இரும்பு வேண்டாம்னு ஆக்குனதுதான் அவுக வேலை, அத எந்த தராசுல போட்டு காட்ட முடியும்? வீட்டுக்கு வந்து சாப்புடல, முத்தத்துல துண்ட விரிச்சு படுத்துட்டாவ. நான் நோட்டுல 74 x ன்னு போட்டு பெருக்கி எழுதுனேன். புத்தி உள்ளவன் வேலை செஞ்சா எடை குறையும், எடை குறைஞ்சா கூலி குறையும்னு அந்த பெருக்கல் கணக்கு அன்னைக்கே எனக்கு காட்டிட்டு. அதுக்கு அடுத்து வந்த வேலைக்கு எங்கப்பா கனமான சட்டமா எடுத்தாவ. அதத்தான் என்னால இன்னும் தாங்க முடியல.

இப்போ உன் கணக்குக்கு வாரேன், கோவப்படாத. பைப்பு எத்தனை கிலோ, வீலு, ராடு, ஆட்டோ வரைக்கும் எழுதிருக்க, படிச்ச பையன், நல்ல சுத்தமான கணக்கு. உன் நேரத்துக்கு மட்டும் அதுல ஒரு வரி கூட இல்ல! நாலு ஞாயித்துக்கிழமை, கொறச்சு ஏழு மணி நேரம்னு வச்சாலும் 28. பத்து சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், அது 15. ஆக 43 மணி நேரம். 3020-ஐ வகு, மணிக்கு 70 ரூபாய். எட்டு மணி நேர நாளுக்கு 560. உங்க ஊர்ல இந்த துட்டுக்கு சித்தாள் வருவாவளான்னு கேட்டுப் பாரு. கரண்ட் பில்லு, மெஷின் தேய்மானம் இன்னும் கழிக்கவே இல்ல. இதே தேய்மானத்த உன் கம்பெனி கணக்குல எழுதாம விட்டா உன் மேனேஜர் உன்ன சும்மா விடுவாரா? 'நேரம் போனதே தெரியல'ன்னு எழுதிருக்க, அத படிக்கும்போது எனக்கு ஆசையாவும் இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு, எங்கப்பாவும் இதத்தான் சொல்லுவாவ.

அதனால கிலோ ரேட்டு பேசாத. யாரு கேட்டாலும், சொந்தக்காரன் கேட்டா இன்னும் கண்டிப்பா, பேசாத. இரும்ப வாங்குன பில்ல அப்படியே காட்டு, கழிவையும் சேத்து, 68 வாங்கி 62 நிறுத்த, அந்த 6 கிலோ துண்டு துக்காணி உன் தொழுவத்துல கெடக்கு, அது அந்த கேட்டுக்காக வாங்குனதுதான. வீலு, ராடு, பெயிண்டு தனியா ஒரு வரி. கொண்டுபோய் நிறுத்துறது தனி. கடைசியா கைவேலை, இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்வளவு. நீ பழகுற ஆளு, அதனால உன் தப்புக்கு ஆன நேரத்த அவன் தலையில கட்டாத, 43ல ஒரு 25 நல்ல ஆசாரிக்கு ஆகுற நேரம்னா 25ஐ போடு, மிச்சம் நீ படிச்ச ஃபீஸ். ஆனா 43ன்னு உன் நோட்டுல எழுதி வை. அடுத்த கேட்டு 36 ஆச்சுன்னா அப்போ தெரியும் நீ வளந்திருக்கன்னு. 'எல்லாரும் கிலோவுக்குத்தான தாராவ'ன்னு ஒருத்தன் சொல்லுவான். சொன்னா சட்டம் ரெண்டும் வரஞ்சு காட்டு, இது கனமா போட்டது, இது பட்டை பிடிச்சது, ரெண்டாவதுல இரும்பு இவ்வளவு மிச்சம், அந்த மிச்சத்துல எனக்கும் பங்கு உனக்கும் பங்குன்னு சொல்லு. கேக்காம போறவன் போவட்டும். பார்ட் டைம்காரனுக்கு இருக்குற ஒரே பெலம் அதுதான், மாசச் சம்பளம் வருது, வேண்டாம்னு சொல்ல உன்னால முடியும், எங்கப்பாவால முடியல. நீ போய் குறைச்ச ரேட்டுக்கு செஞ்சு குடுத்தேன்னா இத மட்டுமே நம்பி இருக்குற பக்கத்து பட்டறைக்காரன் வயித்துல அடிக்க, அவன்ட்ட நின்னுதான் கத்துக்கிட்ட, மறந்துராத.

சிஎன்சி பிளாஸ்மா வேண்டாம். அதுக்கு கம்ப்ரசர், ஈரமில்லாத காத்து, பெரிய கரண்ட் லைனு, பகல் பூரா ஓடுனாத்தான் தவணை கட்ட முடியும், உன் ரெண்டு மணி நேரத்த அது தின்னு தீத்துரும். தகடு டிசைன் வேணும்னா வரஞ்சு கொண்டுபோய் லேசர்ல வெட்டித் தாரவன்ட்ட குடுத்து வாங்கு. கட்டிங் மட்டும் ஜாப் ஒர்க்கும் உனக்கு ஒத்துவராது, வெட்டணும்னு வாரவன் பகல்ல 11 மணிக்கு வந்து நிப்பான், கையோட வாங்கிட்டு போவணும்பான், அப்போ நீ ஆபீஸ்ல இருப்ப. தேதி சொல்லி செய்யுற வேலைய எடு, கிரில்லு, ஸ்டாண்டு, சின்ன கேட்டு. பைப்பு 20 அடி நீளத்துல வருது, வாங்கப் போறதுக்கு முன்னால எந்த துண்டு எதுல வெட்டணும்னு பேப்பர்ல போட்டுக்கோ. ஒரு வெட்டுக்கு ஒரு நூல், அதாவது இஞ்சுல எட்டுல ஒரு பங்கு, வீலு தின்னுரும், 20 அடியில அஞ்சடி துண்டு நாலுன்னு நெனச்சேன்னா கடைசித் துண்டு மூணு நூல் குறையும், இது எல்லாரும் ஒருவாட்டி படுறதுதான். வீட்டு மீட்டர்ல ஓட்டாத, 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவுல பிடிச்சா ரெண்டு மடங்கு கட்டணம் போட்டுருவாவ, ஈபி ஆபீஸ்ல கேட்டு தனி இணைப்பு வாங்கு. சின்னத் தொழிலுக்கு அரசாங்கத்துல பதியுற உத்யம் பதிவு இலவசம், துட்டு கேக்குற புரோக்கர்ட்ட போவாத. ஜிஎஸ்டி உனக்கு நான் சொல்லணுமா?

வீட்டுக்காரி சொல்லுறது சரி. ராத்திரி எட்டு மணிக்கு தெருவுக்குள்ள 14 இஞ்ச் வீல ஓட்டுனா யாருதான் பொறுப்பா? வெட்டுறதும் தேய்க்குறதும் ஞாயித்துக்கிழமை பகல்ல மட்டும். சாயங்காலம் அளவெடு, மார்க் பண்ணு, துரு தேய், பிரைமர் அடி, எல்லாம் சத்தமில்லாத சோலி, நெறைய இருக்கு. பஸ்ல அலுத்து வந்த கையில சுத்துற வீலு இருக்கவும் கூடாது, அவ சத்தம்னு சொல்லுதா, பயம்னு சொல்ல கூச்சமா இருந்திருக்கும்.

மாமனார்ட்ட சண்டைக்கு போவாண்டாம். ஆனா இந்த பேச்சு எனக்கு எரியுது. சிவகளையில கெடச்ச இரும்பு 5300 வருஷம் பழசுன்னு 2025 ஜனவரியில அறிக்கை வந்தப்போ நம்ம ஊரே நெஞ்ச நிமித்துச்சு, ஆதிச்சநல்லூர்ல தொல்லியல்காரர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த வாளையும் ஈட்டியையும் சொல்லிச் சொல்லி பூரிக்கோம். அத அடிச்சவன் பேரன் இன்னைக்கு உலை முன்னால நின்னா 'படிச்சுட்டு இதுக்கா'ங்கோம். என்னைய பொண்ணு பாக்க வந்தவுக கூட பட்டறைன்னு கேட்டதும் காப்பிய பாதியில வச்சுட்டு போயிருக்காவ. அவுக வீட்டு ஜன்னல் கிரில்லு எங்கப்பா செஞ்சது.

அந்த கேட்டை விட்டுட்டு வர மனசு வரல. கடைப் பையன்ட்ட டேப் வாங்கி மூலைக்கு மூலை அளந்தேன், 40 வருஷம் கழிச்சு ரெண்டு நூல்தான் வித்தியாசம். ஜாயிண்டு ஒண்ணு கூட விடல. எலக்ட்ரானிக் தராசுல தூக்கி வச்சான், 71 காட்டுச்சு, மூணு கிலோ துரு தின்னுட்டு போல. நானும் கிலோ கணக்குல துட்டு எண்ணிக் குடுத்துத்தான் வாங்குனேன் தம்பி. அவன்ட்ட வேற என்னத்த சொல்லி கேக்க?

இப்போ எங்க வீட்டு முத்தத்துல சாத்தி வச்சிருக்கேன். ஒரு ஞாயித்துக்கிழமை வேலைய நிறுத்திட்டு வீட்டுக்காரியையும், பிள்ளை இருந்தா அதையும் கூட்டிட்டு வா, பட்டைய எந்த மூலையில எப்படி பிடிச்சிருக்காவன்னு திருப்பிப் போட்டு காட்டுதேன், பேப்பர்ல வரஞ்சுக்கோ. வாரதுக்கு முன்னால கார்டு மாட்டுன கிரைண்டர போட்டோ எடுத்து அனுப்பு. அனுப்பாம வந்தா கேட்டை காட்டமாட்டேன்.