அரசு அலுவலகங்களில் லினக்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு துறையை லினக்ஸுக்கு மாற்ற வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: விண்டோஸ், லினக்ஸ் போலக் கணினியையே இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தைக் கடைசிக்கு வையுங்கள். பிரான்சின் ஜாந்தார்மெரி காவல்படை போன வரிசைதான் எனக்குப் பிடித்தது. 2005-இல் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு ஓப்பன் ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளை மட்டும் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு இணைய உலாவி ஃபயர்ஃபாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட். இவை கைக்குப் பழகிய பிறகு, 2008 முதல் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு. அன்றாடம் தொடும் நிரல்கள் அதற்குள் பழகிப்போயிருந்ததால் காவலர்களுக்கு அது பெரிய மாற்றமாகவே இல்லை.

அப்புறம், மேக்ரோ. யாரோ எப்போதோ எழுதிவைத்த எக்செல் மேக்ரோக்கள், அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள், எந்தெந்த மேசையில் ஓடுகின்றன என்று பட்டியல் எடுக்காமல் ஒரு கணினியையும் தொடாதீர்கள்.

கேள்வி: இலவசம்தானே, செலவே இருக்காதா?

பதில்: உரிமக் கட்டணம்தான் இருக்காது. பயிற்சி, பராமரிப்பு, பழைய செயலிகளைத் திருத்துவது எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: ஜெர்மனியின் முனிச் நகராட்சி தோற்றுப்போய் விண்டோஸுக்குத் திரும்பியதே?

பதில்: திரும்பியது உண்மை. தோற்றது என்பதை ஏற்க மாட்டேன். 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றினார்கள். கடிதத் தாள்களையும் படிவங்களையும் ஒழுங்குபடுத்த வோல்மக்ஸ் என்று ஒரு கருவியையே எழுதினார்கள். 2017-இல் நகர மன்றம் விண்டோஸ் பக்கம் வாக்களித்தது. அதற்கு முன் நகராட்சி ஆக்செஞ்சர் என்ற ஆலோசனை நிறுவனத்திடம் வாங்கிய அறிக்கை, முக்கியச் சிக்கல் கணினிப் பிரிவுகளின் நிர்வாக அமைப்பில் இருப்பதாகச் சொன்னது. 2020-இல் நகர மன்றத்தில் வந்த புதிய கூட்டணி, முடிந்த இடத்திலெல்லாம் திறமூல மென்பொருளே (லினக்ஸ் போல, நிரல்மூலம் எல்லோருக்கும் திறந்திருப்பது) என்று தன் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதியது.

கேள்வி: என் மடிக்கணினியில் உபுண்டு போட்டதும் வைஃபை வரவில்லை.

பதில்: வைஃபை சிப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு உபுண்டு உதவி மன்றத்தில் கேளுங்கள். இங்கே அலுவலக மாற்றம் மட்டும்.

கேள்வி (முனிச் பற்றிக் கேட்டவரே): நிர்வாகத்தின் மேல் பழி போட்டுவிட்டீர்கள். ஊழியர்களின் புகார்கள் பொய்யா?

பதில்: பொய் இல்லை. வெளியிலிருந்து வந்த வேர்ட் கோப்பு கலைந்து திறந்தால் அன்றைய வேலை கெடும். அந்த எரிச்சல் நியாயமானது. ஆனால் விண்டோஸிலேயே லிப்ரேஆபிஸ் (ஓப்பன் ஆபிஸிலிருந்து கிளைத்த அலுவலக மென்பொருள்) வைத்திருந்தாலும் அதே கோப்பு அப்படித்தான் கலையும். சண்டை ஆவண வடிவத்தோடு, லினக்ஸோடு இல்லை. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் இதைப் புரிந்துகொண்டது. 2024-இல் சுமார் 30,000 கணினிகளுக்கு லிப்ரேஆபிஸை அறிவித்தபோது ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. லினக்ஸ் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: லினக்ஸில் வைரஸ் வராதுதானே?

பதில்: வரும். பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாமல் போடுங்கள்.

கேள்வி: மொத்தத்தில் பணம் மிச்சமாகுமா?

பதில்: செலவு பற்றி மேலே சொல்லிவிட்டேன், தயவுசெய்து படியுங்கள். முனிச் 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று கணக்குக் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் தரப்பு அதை மறுத்தது. உங்கள் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

கேள்வி: அடுத்த மாதம் 200 கணினிகளில் ஒரே நாளில் போடப்போகிறோம். ஏதாவது அறிவுரை?

பதில்: மேக்ரோ பட்டியல் தயாரா? இல்லையென்றால் தேதியைத் தள்ளிவையுங்கள். முதலில் ஒரு பிரிவில் 10 பேருக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். அது கணக்குப் பிரிவாக இருக்க வேண்டாம், மேக்ரோக்கள் குவிந்து கிடப்பது அங்கேதான்.