ஹெல்முட் வால்காவின் பாக் பதிவுகள்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: ஹெல்முட் வால்கா பாக்கின் ஆர்கன் இசையை இரண்டு முறை பதிவு செய்திருக்கிறாராமே, எதை முதலில் கேட்பது? பார்வையில்லாமல் அவ்வளவையும் எப்படி மனப்பாடம் செய்தார்?

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதலாவது எளிதாகிவிடும். ஜெர்மன் ஆர்கன் கலைஞரான வால்கா 1907-இல் லைப்சிக்கில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பார்வையை முழுவதும் இழந்துவிட்டார். ஒரு புதிய படைப்பைப் படிக்கும்போது வேறொருவர், முதலில் அம்மாவும் பிறகு மனைவி உர்சுலாவும், ஒவ்வொரு குரலையும் (ஒரே நேரத்தில் ஓடும் மெட்டு வரிசைகளில் ஒன்று) தனித்தனியாக வாசித்துக் காட்டுவார்கள். நான்கு குரல் ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் படைப்பு) என்றால் நான்கு தனி மெட்டுகள். ஒவ்வொன்றையும் மனதில் ஏற்றியபின் எல்லாவற்றையும் அவரே சேர்த்துக்கொள்வார். வலக்கைக்கு இது, இடக்கைக்கு இது என்று படித்தவர் அல்ல. அதனால்தான் அவர் வாசிப்பில் நடுக்குரல்கள் ஒருபோதும் அமுங்குவதில்லை. வேறு பலரிடம் மேல் குரலும் பெடலும் (காலால் வாசிக்கும் கட்டைகள்) மட்டுமே காதில் நிற்கும்.

முதல் தொகுப்பு மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலிப்பதிவு. 1947-இல் லூபெக் நகரின் யாக்கோபி தேவாலயச் சிறிய ஆர்கனில் தொடங்கியது. 1942 குண்டுவீச்சில் அந்த ஊரின் மரியா தேவாலய ஆர்கன்கள் அழிந்தன, யாக்கோபி தப்பியது. டாய்ச்சே கிராமஃபோனின் ஆர்க்கிவ் முத்திரை பிறந்ததே இந்தப் பதிவுகளோடுதான். பிறகு 1950 முதல் 1952 வரை வட ஜெர்மனியின் கப்பெல் கிராமத்தில் பதிவு நடந்தது. ஆர்கன் செய்பவரான ஆர்ப் ஷ்னிட்கர் 1680-இல் ஹாம்பர்க் மடாலயம் ஒன்றுக்காகச் செய்த அந்த ஆர்கன் 1816-இல்தான் கப்பெலுக்கு வந்தது. இரண்டு கட்டை வரிசைகளும் பெடலும் கொண்டது. சிறிய தேவாலயம் என்பதால் எதிரொலி குறைவு, ஒவ்வொரு சுரமும் தனியாகத் தெரியும்.

ஸ்டீரியோத் தொகுப்பு 1956-இல் நெதர்லாந்தின் அல்க்மாரில் தொடங்கி 1971-இல் ஸ்ட்ராஸ்பர்கில் முடிந்தது. அல்க்மார் ஆர்கன் பெரியது, கம்பீரமானது. அங்கே பதிவான 'ஃபியூக் கலை'யைத் தவறவிடக் கூடாது. பாக் முடிக்காமல் விட்ட கடைசி ஃபியூகுக்கு வால்காவே ஒரு முடிவும் எழுதியிருக்கிறார்.

என் பரிந்துரை கப்பெல்தான். இரைச்சல் கொஞ்சம் இருக்கும், ஆனால் குரல்கள் பிரிந்து கேட்கும் தெளிவு அதில்தான் அதிகம். பி.டபிள்யூ.வி. (பாக் படைப்புப் பட்டியல் எண்) 582 பாசகாலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு தாள அளவு (bar) நீளமுள்ள மெட்டைப் பெடல் தனியாக வாசிக்கும். அதன்மேல் 20 மாறுபாடுகள், பிறகு ஃபியூக். முதல் முறை பெடலை மட்டும் பின்தொடருங்கள். அந்த மெட்டு நடுவில் பெடலை விட்டு மேல் குரலுக்கு ஏறும் இடத்தைப் பிடித்துவிட்டால் மீதி தானாகப் பிடிபடும். அதன்பின் அதே படைப்பை அல்க்மார் பதிவில் கேளுங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இணையச் செயலிகளில் இரண்டு தொகுப்புகளும் கலந்து கிடக்கும், அட்டைப் படத்தில் மறுவெளியீட்டு ஆண்டுதான் இருக்கும். ஊர்ப் பெயரைப் பாருங்கள்: லூபெக், கப்பெல் என்றால் மோனோ, அல்க்மார், ஸ்ட்ராஸ்பர்க் என்றால் ஸ்டீரியோ. இன்னொன்று, கைபேசி ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு "பெடலே இல்லையே" என்று முடிவு கட்டாதீர்கள். 16 அடிக் குழாயின் கடைசி சுரம் ஏறத்தாழ 33 ஹெர்ட்ஸ். அந்தச் சின்னப் பெட்டி அதைத் தராது. சுமாரான ஹெட்ஃபோனே போதும்.

அவர் வாசிப்பு இறுக்கமானது, வேகம் மாறுவதில்லை என்று குறை சொல்வார்கள். உண்மைதான், மெதுவான கோரல்களில் (தேவாலயப் பாடல் மெட்டை வைத்து அமைத்தவை) எனக்கும் சில சமயம் அப்படித் தோன்றும். ஆனால் மூன்று சமமான குரல்கள் ஓடும் ட்ரையோ சொனாட்டாக்களில் (பி.டபிள்யூ.வி. 525 முதல் 530 வரை) அந்த நிதானம் இல்லாவிட்டால் ஒன்று மற்றதை மூடிவிடும்.

பாக்கோடு நிறுத்திவிடாதீர்கள். 1977-இல் அவர் மறுபடி கப்பெலுக்குப் போய் புக்ஸ்டஹூடே, ப்ரூன்ஸ், பாகெல்பெல் போன்ற முன்னோர்களைப் பதிவு செய்தார். ஹார்ப்சிகார்டில் (தந்திகளை மீட்டி ஒலிக்கும் பழைய விசைக் கருவி) பாக்கின் 'சமச்சுருதி விசைப்பலகை'யின் 48 பிரெலூட்-ஃபியூக்களும் இரண்டு முறை வந்திருக்கின்றன. 1961 பதிவு நவீன அம்மர் கருவியில், ஒலி கொஞ்சம் கனம். 1970-களில் பழைய ருக்கர்ஸ், ஹெம்ஷ் கருவிகளில் வாசித்ததை வாங்குங்கள்.