முஸ்லிம்கள் நபியை வணங்குகிறார்களா?

முஹம்மது நபியின் பிறந்தநாளான மீலாதையொட்டிய நாட்களில் வேலூர், ஆம்பூர் பக்கம் நபிபுகழ் ஓதுவதைக் கேட்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. இல்லை, வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டுமே. நபிமார்கள் மனிதர்கள், உணவு உண்டார்கள், கடைவீதிகளில் நடந்தார்கள் என்கிறது குர்ஆன் (25:20). அல்லாஹ்விடமிருந்து வந்த செய்தியைக் கூட்டாமல் குறைக்காமல் சேர்ப்பதும், அதன்படி வாழ்ந்து காட்டுவதும் அவர்கள் பொறுப்பு. தொழுகையின் கடைசி அமர்வில் ஓதும் ஸலவாத் என்ற பிரார்த்தனையைக் கவனியுங்கள்: இப்ராஹீம் நபிக்கு அருளியதுபோல் முஹம்மது நபிக்கும் அருள்வாயாக என்று அல்லாஹ்விடம்தான் கேட்கிறார்கள்.

குர்ஆன் பெயர் சொல்வது 25 நபிமார்களை என்பது பரவலான கணக்கு. சொல்லப்படாதவர்களும் உண்டு (4:164). அதற்காக, பழங்காலப் பெரியவர் ஒருவரை நாமாக நபி என்று அறிவித்துவிட முடியாது. ஆதம் முதல்வர், முஹம்மது இறுதியானவர் (33:40). ஈஸா நபியை, அதாவது இயேசுவை, ஏற்பது வெறும் மத நல்லிணக்கப் பேச்சு என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. அவரும் இறைத்தூதர்களில் ஒருவர்; தூதர்களை நம்புவது ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், ஆறு அம்சங்களில் ஒன்று. அவர்களில் ஒருவரை மறுத்தாலும் ஈமான் செல்லாது.