மூத்தாருக்கு தயிர்சோறு மட்டும்தான் இறங்கும், கேரளா டூர்ல சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

கேள்வி: நாங்க ஈரோடு. மே மாசம் ரெண்டு குடும்பமா சேந்து 9 பேர் வேன்ல கேரளா போறோம், மூணாறு 2 ராத்திரி, தேக்கடி 1 ராத்திரி, ஆலப்புழா போட் ஹவுஸ் 1 ராத்திரி. என் வீட்டுக்காரரோட அண்ணனுக்கு 46 வயசு, வெள்ளைச் சோறு, தயிர், உருளைக்கிழங்கு வறுவல், இட்லி தோசைக்கு பொடி, இதைத் தாண்டி எதுவும் சாப்பிட மாட்டார். குழம்பு சோத்துல பட்டா ஆகாது, வெங்காயம் கண்ணுல பட்டா தட்டைத் தள்ளி வெச்சுடுவார். போன வருஷம் ஊட்டில ரெண்டு நாள் பிரெட்டும் வாழைப்பழமும் தின்னுட்டு மூணாம் நாள் எல்லாரையும் கிளப்பிக் கூட்டிட்டு வந்துட்டார். இப்ப ஏஜென்ட் மூணு வேளை சாப்பாட்டோட பேக்கேஜ் எடுங்க, தென்னிந்திய சாப்பாடு கேரண்டிங்கறார். எடுக்கலாமா, இல்ல நானே சின்ன கேஸ் அடுப்பு எடுத்துட்டுப் போய் சமைச்சுப் போடவா?

பதில்:

ரெண்டும் வேண்டாம்மா. காலை டிபன் மட்டும் சேந்த ரூமா எடுங்க, வீட்டு அரிசி ஒண்ணரை கிலோ எடுத்துக்கோங்க, போட்ல சமைக்கிறவர் கிட்ட கிளம்பறதுக்கு முன்னாடியே நீங்களே போன்ல பேசுங்க. உங்க கேள்விக்குப் பதில் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் ஏன் எதுக்குங்கறதுதான்.

முதல்ல அடுப்பை முடிச்சுடறேன். ஓடற வண்டில சிலிண்டர் கூடவே கூடாது, அது எவ்வளவு சின்னதா இருந்தாலும். 2023 ஆகஸ்ட் 26-ந் தேதி மதுரைல நின்னுட்டிருந்த டூரிஸ்ட் ரயில் பெட்டில தீப்பிடிச்சு 9 பேர் செத்தாங்க, நம்ம ஊரு கோயிலெல்லாம் பாக்க லக்னோ பக்கத்துல இருந்து கிளம்பி வந்தவங்க, சமையலுக்குன்னு ஒளிச்சு எடுத்துட்டு வந்த சிலிண்டர்தான் காரணம். அதுவும் போக, லீவுக்குப் போற நீங்க அங்கயும் போய் அடுப்படில நிக்கணுமா?

உங்க மூத்தார் வீம்புக்கு இப்படிப் பண்றார்னு வீட்டுல எல்லாரும் நினைச்சுட்டு இருப்பாங்க. நான் டயட்டீஷியனா 20 வருஷத்துக்கு மேல இருக்கேன், பெரியவங்கள்ல இப்படி சாப்பிடறவங்க நிறைய பேரைப் பாத்துட்டேன், முக்கால்வாசி பேருக்கு இது சின்ன வயசுலயே ஆரம்பிச்சது. வாசமோ வழவழப்போ ரெண்டு ருசி கலக்கறதோ அவங்களுக்கு நமக்குத் தெரியறதை விட பல மடங்கு பெருசாத் தெரியும், நமக்கு கெட்டுப்போன பால் மூக்குல பட்டா எப்படிக் குமட்டுமோ அந்த மாதிரி. இதோட தீவிரமான வடிவத்துக்கு 2013-ல அமெரிக்க மனநல டாக்டர்கள் கையேட்டுல ஆர்ஃபிட்னு பேரே வெச்சுட்டாங்க, அதுக்காக உங்க மூத்தாருக்கு அதுதான்னு நான் சொல்லல. ஆனா இங்க இன்னமும் பாதி டாக்டருங்க "பசிச்சா தானா சாப்பிடுவார் விடுங்க"ன்னு அனுப்பி வெச்சுடறாங்க, அதைக் கேட்டாலே எனக்கு ஆத்திரமா வரும். பசிச்சா சாப்பிட மாட்டாங்க, பசியோடயே இருந்து தலைவலி வந்து எரிஞ்சு விழுவாங்க, ஊட்டில நடந்தது அதுதான். அதனால இந்த அஞ்சு நாள்ல அவரைத் திருத்தற வேலையை யாரும் எடுத்துக்காதீங்க, "ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்களேன் பெரியப்பா"ன்னு பசங்க கூட கேக்க வேண்டாம்.

இப்ப கேரளாவுக்கு வருவோம். அங்க அவருக்கு இடிக்கப் போறது ரெண்டே விஷயம், அரிசியும் எண்ணெயும். சாதாரண கடைல ஊண் கேட்டா வர்றது பெரும்பாலும் சிவப்பு மட்டை அரிசி, குண்டு குண்டா இருக்கும், நம்ம பொன்னி மாதிரி குழையாது, தயிர் ஊத்திப் பிசைஞ்சாலும் ஒட்டாது. பொரியல் எல்லாமே தேங்காய் எண்ணெய். மோர் கேட்டா இஞ்சி பச்சைமிளகா கருவேப்பிலை தட்டிப் போட்ட சம்பாரம் வரும், அதனால மோர்னு கேக்காதீங்க, தயிர்னு கேளுங்க, மில்மா பாக்கெட் தயிர் எல்லா ஊர் கடையிலும் கிடைக்கும். இன்னொண்ணு, இந்தியன் காபி ஹவுஸ் பாத்தா நம்ம ஆளுங்க சந்தோஷமா மசால் தோசை சொல்லிடுவாங்க, கேரளால அங்க மசால்ல பீட்ரூட் போடுவாங்க, பிரிச்சா ரத்தச் சிவப்பா இருக்கும். உங்க மூத்தார் அதைப் பாத்தா அன்னிக்கு முழுக்க பட்டினிதான், சாதா தோசைன்னே சொல்லுங்க.

மூணாறு டவுன்ல பயமே இல்ல. தேயிலை எஸ்டேட் முழுக்க தலைமுறை தலைமுறையா நம்ம தமிழ் ஜனங்க, இட்லி தோசை வெள்ளைச் சோறு எல்லாம் தமிழ்லயே கேட்டு வாங்கலாம். தேக்கடியை ஒட்டி இருக்கற குமுளியும் அப்படித்தான், கம்பம் ரோட்டுல வர்ற எல்லை ஊரு. ஆனா ஏஜென்ட் "மூணாறு ரிசார்ட்"னு குடுக்கறது பல நேரம் மூணாறுல இருக்காது, ஆனச்சால் பக்கம் சித்திராபுரம் பக்கம் எங்கயோ மலைச்சரிவுல இருக்கும், ராத்திரி பனில வேன் எடுத்துட்டு டவுனுக்கு வர முடியாது, அவங்க வெச்சதுதான் சோறு. ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி மேப்ல டவுன்ல இருந்து எத்தனை கிலோமீட்டர்னு நீங்களே போட்டுப் பாருங்க.

பேக்கேஜ் வேண்டாம்னு நான் அடிச்சுச் சொல்றது இதனாலதான். வவுச்சர்ல சிபின்னு போட்டிருந்தா ரூமும் காலை டிபனும், எம்ஏபின்னா கூட ஒரு வேளை, அது பெரும்பாலும் ராத்திரி, ஏபின்னா மூணு வேளையும். ஏபி எடுத்தா தலைக்கு இவ்வளவுன்னு காசு முன்னாடியே போயிடும், உங்க மூத்தார் ஒரு கிண்ணம் தயிரும் அப்பளமும் சாப்பிட்டாலும் பஃபே காசு முழுசு. காசு குடுத்தாச்சேன்னு வெளிய போய் சாப்பிடவும் மனசு வராது. "தென்னிந்திய சாப்பாடு கேரண்டி"ங்கறதுக்கு அர்த்தம் என்னன்னு அந்த ஏஜென்டைக் கேட்டுப் பாருங்க, கேரளாவும் தென்னிந்தியாதானே, மட்டை அரிசியும் மீன்குழம்பும் வெச்சா அவர் சொன்னது பொய் ஆயிடுமா? வவுச்சர்ல கீழ பொடி எழுத்துல மெனு மாறுதலுக்கு உட்பட்டதுன்னு ஒரு வரி இருக்கும், அதை வெச்சு தப்பிச்சுக்குவாங்க. கடைல விக்கிற பிஸ்கட் பாக்கெட்ல கூட பச்சைப் புள்ளி போட்டு உள்ள என்னென்ன இருக்குன்னு வரிசையா எழுதறாங்க, 9 பேருக்கு அஞ்சு நாள் சோத்துக்கு பணம் வாங்கறவங்க என்ன அரிசின்னு ஒரு வரி எழுதித் தர மாட்டேங்கறாங்க, கேட்டா "மேடம் அதெல்லாம் பாத்துக்கலாம்". வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்குங்க, வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். ஏமாத்திட்டா 1915-னு நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, அங்க காட்டறதுக்கு எழுத்து இருந்தாதான் சுலபம்.

அடுத்த ஆள் டிரைவர். எல்லாரும் அப்படின்னு சொல்லல, ஆனா சுத்துலா ரூட்ல சில ஹோட்டல்ல வண்டி நிறுத்தினா டிரைவருக்கு சாப்பாடு ஃப்ரீ, தலைக்கு இவ்வளவுன்னு கமிஷனும் உண்டு. மூணாறுல இருந்து தேக்கடி 90 கிலோமீட்டர் சொச்சம்தான், மலை ரோடுங்கறதால மூணு நாலு மணி நேரம் ஆகும், நடுவுல ஸ்பைஸ் கார்டன் ஸ்பைஸ் கார்டன்னு இறக்கி விட்டுட்டு ரெண்டரை மணிக்கு அவருக்குப் பிடிச்ச ஹோட்டல்ல நிறுத்துவார். முதல் நாளே "12.30-க்கு சாப்பாடு, எங்க நிறுத்தணும்னு நாங்க சொல்றோம்"னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா எடுபடாதுன்னா உங்க வீட்டுக்காரரை விட்டுச் சொல்ல வைங்க.

போட் ஹவுஸ்தான் உண்மையான சிக்கல். மதியம் 12 மணி வாக்குல ஏறினா மறுநாள் காலைல 9 மணிக்குத்தான் இறங்குவீங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு மேல மீன் வலை போடற நேரம்னு போட்டைக் கரைல கட்டிடுவாங்க, அந்த இடத்துல கடையும் இருக்காது ஒண்ணும் இருக்காது. நாங்க ஒரு தடவை குடும்பமா போனப்போ ஏஜென்ட் கிட்ட ஆயிரம் தடவை சொல்லியும் போட்ல ஏறிப் பாத்தா கரிமீன் எல்லாருக்கும் சேத்து மசாலா தடவி ரெடியா இருக்கு, உருளைக்கிழங்கு கூட தேங்காய் எண்ணெய்ல வதக்கி இறக்கியாச்சு. சமைக்கிற அண்ணன் பாவம், "ஆரும் பறஞ்ஞில்ல சேச்சி"ன்னு கையைப் பிசைஞ்சுட்டு நின்னார். அவருக்கு சேதியே போகல, நடுவுல நாலு ஆள். காலைல சந்தைக்குப் போய் சாமான் வாங்கறது அவர்தான், அதனால அவர் கிட்டதான் முந்தின நாள் பேசணும். "வெளிச்செண்ண வேண்டா, ஒராளுக்கு வெள்ள அரி மதி, தைரு வேணும்"னு சொல்லுங்க, வெளிச்செண்ணன்னா தேங்காய் எண்ணெய், மதின்னா போதும். ஏறினதும் உங்க அரிசியைக் கைல குடுத்து தனிப் பாத்திரத்துல நல்லா குழைய வடிக்கச் சொல்லிடுங்க.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் இந்தக் கணக்கெல்லாம் மாறும், நீங்க எழுதல ஆனா 46 வயசுங்கறதால கேக்கறேன், அவர் சுகர் மாத்திரை போடறாரா? வெறும் மெட்ஃபார்மின் மட்டும்னா அவ்வளவு பயமில்ல. கிளைமிபிரைடு, கிளிக்லசைடு இந்த மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தா, அதைப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் கீழ இறங்கிடும். மாத்திரை அட்டைல பின்னாடி பேர் இருக்கும், பாருங்க. கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, காரணமில்லாத கோவம், இதெல்லாம் அதோட அறிகுறி, இவர் கோவப்பட்டா வழக்கமான கோவம்னு நினைச்சு விட்டுடுவீங்க, அதுதான் என் பயமே. மெஷின்ல 70-க்குக் கீழ காட்டினா உடனே 15 கிராம், அதாவது மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணில கரைச்சுக் குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க, ஏறலன்னா இன்னொரு தடவை. ஏறினதும் கொஞ்சம் சோறோ இட்லியோ சாப்பிட வைங்க. சாக்லேட் குடுக்காதீங்க, கொழுப்பு இருக்கறதால மெதுவாத்தான் ஏறும். மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரி. இதுலயும் ஒண்ணு இருக்கு, அட்டைல வோக்லிபோஸ்னு பேர் இருந்தா சாதா சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேணும், அதனால எதுக்கும் ஒரு குளுக்கோஸ் டப்பா வாங்கி வேன் முன்சீட்ல வெச்சுடுங்க, பெட்டிக்குள்ள வெச்சு மேல கட்டிடாதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி அவர் டாக்டரைப் பாத்து, சாப்பாடு தள்ளிப் போனா மாத்திரையை என்ன பண்றதுன்னு கேட்டுட்டு வரச் சொல்லுங்க. சுகர் இல்லன்னா இந்தப் பத்தியை விட்டுடுங்க.

சாமான் கணக்கு சொல்லிடறேன். அவருக்கு ஒரு வேளைக்கு 125 கிராம் அரிசி, அஞ்சு நாள்ல மதியமும் ராத்திரியுமா 9 வேளை, ஒரு கிலோ சொச்சம் ஆகும், அதான் ஒண்ணரை கிலோ சொன்னேன். ரிசார்ட் கிச்சன்ல குடுத்தா வடிச்சுத் தருவாங்க, மறுக்கறவங்க குறைவு, சமைக்கிறவருக்கு கைல ஏதாவது குடுத்துடுங்க. ரூம்ல கரண்ட் குக்கர் வெக்கறதா இருந்தா அனுமதி கேட்டுட்டு வைங்க. மூணாறு 1500 மீட்டர் உயரம், அங்க தண்ணி 95 டிகிரிலயே கொதிச்சுடும், அதனால சோறு நடுவுல அரிசியா நிக்கும், அரை மணி நேரம் ஊற வெச்சுட்டுப் போடுங்க. இட்லிப் பொடி கால் கிலோ, நல்லெண்ணெய் சின்ன பாட்டில், உருளைக்கிழங்கு சிப்ஸ், உப்பு.

முதல் நாள் மதியத்துக்கு வீட்டுலயே கட்டிடுங்க. மூணாறுக்கு உடுமலை தாண்டி சின்னாறு காட்டு ரோட்டுல போனா மறையூர் வரைக்கும் சொல்லிக்கற மாதிரி கடை இல்ல. சோத்தைக் குழைய வடிச்சு, ஆறினதும் காய்ச்சின பால் ஊத்திப் பிசைஞ்சு, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டு எவர்சில்வர் டப்பால போடுங்க, மதியம் திறந்தா புளிக்காம தயிர்சோறு ஆயிருக்கும். தயிரே ஊத்திக் கிளறினா மே மாச வெயில்ல 11 மணிக்கே புளிச்சு வாசம் வரும், அதை அவர் தொட மாட்டார். வெறும் சோத்தை வடிச்சு மணிக்கணக்கா வேன்ல வெச்சுட்டு சாயங்காலம் போடறது மட்டும் கூடாது, சோத்துல இருக்கற ஒரு கிருமி வடிக்கற சூட்டுலயும் சாகாது, வெதுவெதுப்புல பெருகி வாந்தில கொண்டு போய் விட்டுடும்.

இப்பவே பண்ண வேண்டியது ஒண்ணுதான், ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு போட்ல சமைக்கிறவரோட நம்பர் கேளுங்க. "அதெல்லாம் அப்புறம் தர்றேன் மேடம்"னு இழுத்தா அட்வான்ஸ் குடுக்காதீங்க, வேற போட் பாருங்க.