மடியில் தூங்கும் கீரி

அன்புள்ள ஐயா,

மனிதன் முதலில் பழக்கிய விலங்கு எது? மாடு நம்மிடம் எப்படி வந்தது? எனக்கென்னவோ நாய், மாடு, கோழி எல்லாமே மனிதனின் முதல் அடிமைகள் என்றுதான் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அப்புறம், எங்கள் தோட்டத்து வைக்கோல் போருக்கு அடியில் ஒரு கீரிக்குட்டி கிடைத்தது. இரண்டு மாதமாக வளர்க்கிறேன். என் மடியில்தான் தூங்குகிறது. அன்பாக வளர்த்தால் எந்தக் காட்டு விலங்கும் வீட்டு விலங்காகிவிடும் என்று இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

நாய்தான் முதலில். ஆடு, மாடெல்லாம் அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பின்னால் வந்தவை. ஜெர்மனியில் பான் நகரத்து ஓபர்காசலில் 1914இல் ஒரு புதைகுழி கிடைத்தது. சுமார் 14,000 ஆண்டு பழையது. ஒரு ஆண், ஒரு பெண், கூடவே ஏழு மாத நாய்க்குட்டி ஒன்று. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள் அதற்கு டிஸ்டம்பர் என்ற கொடிய வைரஸ் நோய் கண்டிருந்தது என்றும், யாராவது கவனித்துக்கொள்ளாமல் அந்த நோயோடு பல வாரம் உயிரோடு இருந்திருக்க முடியாது என்றும் சொன்னார்கள். எந்த வேலைக்கும் உதவாத நோயாளிக் குட்டி. அதைப் போய் அடிமை என்பீர்களா?

சரி. உங்கள் கடிதத்தின் கடைசி நாலு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா கிணற்றுமேட்டிலிருந்து ஒரு கீரிக்குட்டியைக் கொண்டுவந்தார். ஆட்டுப்பாலில் பஞ்சை நனைத்துக் கொடுத்து வளர்த்தோம். அப்பத்தாவின் முந்தானைக்குள் சுருண்டு தூங்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கால்சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்துப் பார்க்கும். ஒருநாள் விடியலில் எங்கள் கோழியின் குஞ்சுகள் பதினொன்றும் கழுத்து கடிபட்டுக் கிடந்தன. ஒன்றைக்கூட அது தின்றிருக்கவில்லை. அப்பா அதைச் சாக்கில் போட்டு எடுத்துப்போய் ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள், களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து நேராக அவர்கள் காலடிக்கு ஓடியிருக்கிறது. வெறிபிடித்த கீரி என்று நினைத்து ஒருவர் கம்பால் அடித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆளைக் கண்டால் ஒளிய வேண்டும் என்பதை அதற்கு மறக்கடித்தவர்கள் நாங்கள்தானே.

பழக்குவது வேறு, வளர்ப்பினமாக மாறுவது வேறு. முதலாவது ஒரு உயிருக்கு அதன் ஆயுளில் நடப்பது. அதோடு செத்தும் போகும். இரண்டாவது வழிவழியாக ரத்தத்தில் நடப்பது. இதை வேண்டுமென்றே செய்து பார்த்தவர் சோவியத் மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ். அன்று அங்கே விஞ்ஞானத்தைத் தன் பிடியில் வைத்திருந்த லைசென்கோ, வாழ்நாளில் பெற்ற குணம் பிள்ளைகளுக்கும் இறங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை மறுத்த மரபியலாளர்கள் வேட்டையாடப்பட்டார்கள். பெல்யாயெவின் அண்ணனும் மரபியலாளர். 1937இல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தம்பி, நீங்கள் எழுதியிருப்பது லைசென்கோவின் வாதம்தான். அன்பு என்ற சொல்லைச் சேர்த்ததால் அது சரியாகிவிடாது.

1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க்கில், லியுத்மிலா த்ரூத் என்ற இளம் பெண்ணின் பொறுப்பில் சோதனை தொடங்கியது. ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்த்த வெள்ளி நரிகள் (நம் ஊர் நரி இல்லை, செந்நரியில் ஒரு கருநிற வகை). கூண்டுக்குள் கையை நீட்டினால் எது குறைவாகச் சீறுகிறதோ, எது குறைவாக மிரளுகிறதோ, அதற்கு மட்டும் இனப்பெருக்கம். கவனியுங்கள், யாரும் அவற்றைப் பழக்கவில்லை. கொஞ்சுவதைக்கூட அளவோடுதான் வைத்திருந்தார்கள். நாலாம் தலைமுறையில் சில குட்டிகள் ஆளைக் கண்டு வாலாட்டின. ஆறாம் தலைமுறையில் நாய்க்குட்டி போல முனகிக்கொண்டு கையை நக்கவே வந்துவிட்டன. பிறகு மடிந்த காது, நெற்றியில் வெள்ளைத் திட்டு. அந்தத் திட்டெல்லாம் இந்த நரிகளின் முன்னோர்கள் வளர்ந்த கனடாப் பண்ணைகளிலேயே இருந்ததுதான் என்று பின்னால் வாதம் வந்தது. இருக்கட்டும்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மூர்க்கமான நரிகளையும் அவர்கள் தனியாக ஒரு வரிசையாகப் பெருக்கினார்கள். மூர்க்கமான தாயின் கருவை எடுத்துச் சாதுவான தாயின் வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். அந்தத் தாய் சுமந்தாள், பெற்றாள், பால் கொடுத்தாள். குட்டி வளர்ந்து சீறியது. தாயின் வயிற்றாலும் பாலாலும் மாற்ற முடியாததை உங்கள் மடி இரண்டு மாதத்தில் மாற்றிவிடுமா?

யானையைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம்மோடு இருக்கிறது, இன்னும் வளர்ப்பினம் ஆகவில்லை. 2019இல் உடுமலைப் பக்கம் பிடித்த சின்னத்தம்பி என்ற காட்டு யானையைக் கரால் என்கிற மரக்கூண்டில் அடைத்துத்தான் பழக்க வேண்டியிருந்தது. முகாமில் பிறக்கும் குட்டியும் உள்ளுக்குள் காட்டு யானைதான்; அதற்கும் பாகன் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அடிமை என்ற சொல்லை நாய்க்கும் கோழிக்கும் செலவழித்துவிட்டால், காலில் சங்கிலியோடு கோயில் வாசலில் நிற்கிற அந்த உயிருக்கு என்ன சொல் மிச்சம் இருக்கும்?

உங்கள் கீரிக்குட்டி உங்களைத் தாய் என்று நம்பித்தான் தூங்குகிறது. உங்கள் பிரியத்தையும் நான் சந்தேகப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அதன் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே அதைக் காப்பாற்றப் போவது அந்தப் பயம் ஒன்றுதான். கீரியை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நாளைக் காலையில் வனத்துறை அலுவலகத்துக்குப் போய் ஒப்படையுங்கள். நீங்களாகக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடாதீர்கள், நாங்கள் செய்த தப்பு அதுதான். கூடையில் துணி விரித்து, மேலே மூடி எடுத்துப் போங்கள். வழியில் யாருக்கும் தொட்டுப் பார்க்கக் கொடுக்க வேண்டாம்.

மாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குட்டியை ஒப்படைத்துவிட்டு எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.