சோயா மாத்திரை: கேட்டவையும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சோயா ஐசோஃப்ளேவோன் (ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் சோயாச் சத்து) மாத்திரை பற்றியவை. நேராகக் கேள்விகளுக்குப் போகிறேன்.

வயது 51. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆகிறது. திடீரென்று உடம்பெல்லாம் தீயாய்ச் சுட்டு வியர்த்துக் கொட்டுகிறது. சோயா மாத்திரை கேட்குமா?

ஓரளவுக்குக் கேட்கும். 2012ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தினம் 50 மி.கி. அளவில் எடுத்த பெண்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இந்தத் தொல்லை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஐசோஃப்ளேவோன்களில் ஒன்றான ஜெனிஸ்டீன் 19 மி.கி.யாவது இருந்த மாத்திரைகளில் பலன் இன்னும் கூடுதல். ஆனால் எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023ல் இதைப் பரிந்துரைக்கவில்லை. டெய்ட்ஸீன் என்ற இன்னொரு ஐசோஃப்ளேவோனை, உடம்பில் கூடுதலாக வேலை செய்யும் ஈக்வாலாக மாற்றும் குடல் பாக்டீரியா எல்லோருக்கும் கிடையாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஜப்பானில் பாதிப் பேருக்கு உண்டு, மேற்கு நாடுகளில் நாலில் ஒருவருக்குத்தான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மூன்று மாதம் எடுத்துப் பாருங்கள். மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

எலும்புத் தேய்மானத்தைத் தடுக்குமா?

அதை நம்பி வாங்காதீர்கள். ஃபுளோரிடாவில் சுமார் 250 பெண்களுக்கு, பாதிப் பேருக்குத் தினம் 200 மி.கி.யும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும், இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2011ல் வந்த முடிவில் எலும்பு இழப்பில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

என் மனைவிக்குக் கொடுக்கலாமா?

கடிதம் அவ்வளவுதான். வயது என்ன, மாதவிடாய் நின்றுவிட்டதா, வேறு என்ன மருந்து எடுக்கிறார், எதற்காகக் கொடுக்க நினைக்கிறீர்கள்? ஒன்றுமே எழுதாமல் பதில் கேட்டால் எப்படி? அவரையே எழுதச் சொல்லுங்கள்.

டப்பாவில் 500 மி.கி. என்று போட்டிருக்கிறது. இயற்கையானது என்பதால் ஆறு வருடமாகத் தினம் இரண்டு எடுக்கிறேன். போன மாதம் லேசாக இரத்தம் பட்டது. அளவைக் குறைக்கட்டுமா? வயது 58.

அளவைப் பற்றி அப்புறம் பேசலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு, இந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் கருப்பையின் உட்சுவரை ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு மாதம் சும்மா இருந்திருக்கிறீர்களே!

இந்த 'இயற்கை' என்ற சொல்தான் எனக்குக் கோபம் வரவழைப்பது. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்வதால்தானே இதை வாங்குகிறீர்கள்? அப்படி வேலை செய்யும் பொருள் மருந்துதான். 2004ல் வெளியான இத்தாலிய ஆய்வில் தினம் 150 மி.கி. வீதம் ஐந்து ஆண்டுகள் எடுத்தவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்குக் கருப்பை உட்சுவர் தடித்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்த ஒருவருக்கும் அப்படி இல்லை. புற்றுநோய் யாருக்கும் வரவில்லை. ஆனாலும் ஆறு வருடம் கேள்வி கேட்காமல் விழுங்க வேண்டிய பொருள் இல்லை இது.

இப்போது லேபிள். 500 மி.கி. என்பது பெரும்பாலும் சோயாச் சாற்றின் எடை. அதில் ஐசோஃப்ளேவோன் 40 சதவீதம் என்றிருந்தால் 200 மி.கி. அதுவும் சர்க்கரை ஒட்டிய வடிவத்தின் எடையாக இருந்தால், அக்ளைகோன் (சர்க்கரை நீங்கிய வடிவம்) கணக்கில் சுமார் 125 மி.கி.தான். ஆய்வுகளில் பெரும்பாலும் சொல்வது இந்தக் கடைசி எண்ணை. அப்படியானால் உங்கள் இரண்டு மாத்திரையில் அது 250 ஆகிறது. ஜப்பானின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006ல், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் மாத்திரையாக எடுப்பதற்குச் சொன்ன வரம்பு, இதே அக்ளைகோன் கணக்கில், தினம் வெறும் 30 மி.கி. சிறிய எழுத்தைப் படிக்காமல் எந்த டப்பாவையும் வாங்காதீர்கள்.

தைராய்டு மாத்திரையோடு சேர்த்து எடுக்கலாமா?

சேர்க்காதீர்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். சோயா எதுவானாலும் நாலு மணி நேரம் கழித்து. சோயா தொடங்கியபின் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

மகன் ஜிம்முக்குப் போகிறான். மீல் மேக்கர் (சோயா உருண்டை) சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்கிறார்கள்.

குறையாது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மாறவில்லை என்று 2010, 2021 இரண்டு தொகுப்பாய்வுகளும் சொல்கின்றன. சாப்பிடட்டும்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து டாமாக்ஸிஃபென் (மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து) எடுக்கிறேன். வியர்வை தாங்கவில்லை.

சோயா மாத்திரை வேண்டாம். சாப்பாட்டில் அளவாக டோஃபுவோ சோயா பாலோ சேர்த்தால் பயமில்லை. வியர்வைக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சில டாமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கும். அதனால் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள்.